தோல் அட்டை போட்ட கம்பெனிப் பத்திரிகை

அன்று அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லைப்ரரியன் அம்மா. பேரணாம்பட்டுத் தோல் வியாபாரி தாவூத் பாய். அவருடைய மேஸ்திரி கன்னியப்பன். தோலுக்குப் போடும் பவுடர் விற்கிற கம்பெனியின் ஆள் சேகர், மெட்ராஸ்காரர். பிறகு நான், அட்டெண்டர் முனுசாமி. வேறு யாரும் இல்லை. பக்ரீத்துக்கு மறுநாள். ஆம்பூரில் பாதிக் கடை மூடியிருந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். பத்திரிகைகளை ரகம் பிரிப்பது எப்படி என்று உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். அந்த நாளைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

எங்களுடையது தோல் வியாபாரிகள் சங்கத்து நூலகம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை. எண்பதுகளின் நடுவில். பாதி பதனிட்ட தோலைக் கப்பலேற்றிப் பிழைத்த காலம் போய்விட்டது. ஷூவுக்கு ஏற்ற தோலாக முடித்து அனுப்பினால்தான் பிழைப்பு. புது மருந்து, புது மெஷின், புது முறை. எல்லாருக்கும் படிக்க வேண்டியிருந்தது. பல தேசத்திலிருந்தும் பத்திரிகைகள் வந்து குவிந்தன.

வருஷம் முடிந்தால் பைண்டிங். அங்கேதான் எங்கள் ஊர் புத்தி வேலை செய்தது. மற்ற ஊர்களில் காலிகோ துணி போடுவார்கள். எங்களுக்குத் தோலுக்கா பஞ்சம்? தோல் பதனிடும் டேனரிக்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டு கொடுப்பார்கள். இதழின் அட்டையைக் கிழிப்போம். விளம்பரப் பக்கங்களை உருவிப் போடுவோம். மீதியைச் சேர்த்துத் தைத்து, தோல் போர்த்தி, முதுகில் தங்க எழுத்து அடிப்போம்.

எதற்கு எந்தத் தோல் என்று கமிட்டி முடிவு செய்யும். கமிட்டியில் எல்லாரும் தோல்காரர்கள். படித்துப் பார்க்க மாட்டார்கள், தடவிப் பார்ப்பார்கள். காகிதம் வழவழவென்று இருந்தால் சிவப்புச் சாயம் ஏற்றிய முதல் ரக ஆட்டுத்தோல். சொரசொரவென்று இருந்தால் மட்டத்தோல். நாலு மாதம் தாமதமாக வருகிற பத்திரிகைக்கு அதுவும் கிடையாது. சணல் கயிறு கட்டிக் கீழ்த்தட்டில் போட்டுவிடுவோம்.

வழவழ காகிதத்தில் அச்சடித்து ஓசியில் அனுப்ப யாருக்கு வசதி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று நான் கதவைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேரும் படியேறி வந்துவிட்டார்கள். அம்மா அப்போதுதான் வேலூர் ரயிலில் வந்து இறங்கி, பையைக்கூட ஆணியில் மாட்டவில்லை.

"இன்னா பாய், பண்டிகை வாசனை போகறதுக்குள்ள லைப்ரரிக்கு வந்துட்டீங்க?"

"அம்மா, அந்தச் சிவப்புத் தோல் புஸ்தகம் வேணும். சீக்கிரம்."

தாவூத் பாயின் சட்டையில் ரத்தக்கறை அப்படியே இருந்தது. அம்மா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

விஷயம் இது. பக்ரீத்தில் வீடுகளில் குர்பானி கொடுக்கும் ஆட்டின் தோலை மதரஸாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். மதரஸாக்காரர்கள் அதை வியாபாரியிடம் விற்பார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த வருஷத்துச் சோறு அதில்தான். அந்த வட்டாரத்துத் தோல் எல்லாம் தாவூத் பாயிடம் வரும். முதல் நாள் வந்த தோலுக்கே இருந்த உப்பு தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் தோல் காலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. மரக்காணத்திலிருந்து வர வேண்டிய உப்பு லாரி போளூர் தாண்டி அச்சு முறிந்து நிற்கிறது.

"கடைங்கள்ல பார்த்தீங்களா?" என்றார் அம்மா.

"பெரிய டேனரிக்காரங்க நேத்தே வாரிட்டாங்க. குழம்புக்குப் போடக்கூட ஊர்ல கல் உப்பு கெடையாது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள ஏதாவது ஒண்ணு போடணும். இல்லன்னா மயிர் விட்டுடும். மதரஸாவுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போறது?"

உங்களில் டேனரி பார்க்காதவர்களுக்கு: உரித்த தோலுக்கு உப்பு ஏறாவிட்டால், வெயிலில் அரை நாள் போதும். உள்ளே அழுகல் பிடிக்கும். பிறகு இழுத்தால் மயிர் கொத்தாகக் கையோடு வரும். அதற்குப் பெயர் தோல் இல்லை, குப்பை.

சேகர் முன்னால் வந்தார். நல்ல பையன். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை.

"மேடம், உப்பே வேணாம். எங்க பவுடர் போதும். வேன்ல டிரம்மோட கீழ நிக்குது. பாய் நம்ப மாட்டேங்கிறாரு. நான் சொல்றதை நம்ப வேணாம், உங்க லைப்ரரி புஸ்தகத்தை நம்புங்கன்னு கூட்டிட்டு வந்தேன்."

சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். கன்னியப்பன் முதலில் அட்டையைத்தான் தடவினார். எங்கள் பக்கத்து மேஸ்திரி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்.

"இன்னா வழவழப்பு பாரு. இந்த மாதிரி ஒரு தோல் நான் செஞ்சு இறக்கினா மொதலாளி எனக்கு பிரியாணி வாங்கித் தரணும்."

"நீ இறக்கு, அப்புறம் பாக்கலாம்," என்றார் தாவூத் பாய். "இப்ப படிக்கச் சொல்லு."

சேகர் படித்துத் தமிழில் சொன்னார். டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் எழுதியது. உப்பில்லாமல் இந்தப் பவுடரை மட்டும் தூவினால் தோல் வாரக்கணக்கில் கெடாது. படம் வேறு இருந்தது. தாவூத் பாய் முகம் தெளிந்தது. மேஸ்திரியைப் பார்த்து, "டிரம்மை இறக்கச் சொல்லலாமா?" என்றார்.

எனக்கும் சரியென்றுதான் பட்டது. தோல் அட்டை. தங்க எழுத்து. டாக்டர். இன்னும் என்ன வேண்டும்?

அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சேகர் சார், இது எந்தப் பத்திரிகை?"

"முதுகுல இருக்குதே மேடம்."

"பேரு இருக்குது. யார் போடறாங்கன்னு இல்ல. அட்டையத்தான் நாங்க கிழிச்சுட்டோமே."

புரட்டினார். பக்க எண் நாற்பது வரை போனது. அடுத்தது மறுபடி ஒன்று. திரும்ப நாற்பது. திரும்ப ஒன்று.

"பாய், இதுல மருந்து பேரு வர்ற எடமெல்லாம் பாருங்க. வேற கம்பெனி மருந்து எங்கயாவது ஒண்ணு வருதா?"

நாலு பேரும் மேஜையைச் சுற்றிக் குனிந்தோம். பக்கம் பக்கமாகப் புரட்டினார். வரவில்லை. ஒரே கம்பெனியின் சாயம், ஒரே கம்பெனியின் எண்ணெய், ஒரே கம்பெனியின் பவுடர்.

"கட்டுரை முடியற எடத்துல, வேற யாரெல்லாம் இன்னா எழுதியிருக்காங்கன்னு குறிப்பு இருக்கணும். இருக்குதா?"

இல்லை.

"வருஷம் பூரா ஒரு சண்டைகூட இல்ல, பாய்."

"புஸ்தகத்துல எதுக்கும்மா சண்டை?"

"ஆராய்ச்சிப் பத்திரிகைன்னா ஒருத்தர் ஒண்ணு சொல்வாரு. அடுத்த இதழ்ல இன்னொருத்தர், நான் செஞ்சு பார்த்தேன், அப்படி வரலன்னு எழுதுவாரு. ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லலன்னா, அது ஒரே வூட்டுப் பேச்சு."

"எங்க வூட்ல அப்படிக்கூட கெடையாதும்மா," என்றார் கன்னியப்பன். தாவூத் பாய்கூடச் சிரித்துவிட்டார். சேகர் சிரிக்கவில்லை.

"அப்ப எங்க கம்பெனி பொய் சொல்லுதுங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல சார். இது விக்கறவங்க போடற பத்திரிகை. விக்கறவங்க நல்லத மட்டும்தான் சொல்வாங்க. மீதி எங்க இருக்குதுன்னு பாக்கலாம். அவ்ளோதான்."

"பார்க்க நேரம் ஏதும்மா?" என்றார் தாவூத் பாய்.

"படிக்க நேரம் இருக்குது பாய். பேஜார் ஆவறதுக்குத்தான் நேரம் இல்ல."

அம்மா ஒதுங்கிக்கொண்டிருக்கலாம். எனக்கு அதுதான் இன்றும் ஆச்சரியம். புத்தகம் கேட்டார்கள், கொடுத்தோம், எடுத்துப் போகட்டும் என்று விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தோல் கெட்டால் அது தோல்காரர் பாடு. அம்மா அப்படி விடவில்லை.

"முனுசாமி, கீழ்த்தட்டுல சணல் கட்டு. எல்லாத்தையும் கொண்டா."

ஓடினேன். எலி கடித்த கட்டுகள், தும்மல் வந்தது. மார்போடு அணைத்துக் கொண்டுவந்து போட்டேன். எல்லாம் ஆராய்ச்சிப் பத்திரிகைகள், சாணிக் காகிதம் போல அட்டை. படம் கிடையாது. முதல் இதழ் ஒன்றாம் பக்கத்தில் தொடங்கினால், அடுத்த இதழ் அது முடிந்த எண்ணுக்கு மேல் தொடரும். வருஷக் கடைசியில் பக்கம் ஆயிரத்தைத் தொடும். அவசரத்தில் இதழ்கள் கலைந்துவிட்டன. அந்தப் பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு நானும் கன்னியப்பனும் வரிசைப்படுத்தினோம்.

அம்மா வருஷக் கடைசி இதழில் இருந்த பொருள் அட்டவணையை எடுத்தார். பவுடரின் பெயரைத் தேடினார். இல்லை.

"இதுல கடைப்பேரு போட மாட்டாங்க. உள்ள இருக்கற சரக்கு பேருதான் இருக்கும். சேகர் சார், டிரம்ல இருக்கறது இன்னாது?"

சேகர் தயங்கினார். கம்பெனியில் அதைச் சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. தாவூத் பாயின் சட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அம்மா எழுதிக்கொண்டார். அட்டவணையில் விரல் ஓடியது. நின்றது.

"இருக்குது. மூணு எடத்துல இருக்குது. பாய், சண்டை கெடச்சுடுச்சு."

அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட குதூகலம் வேறு எதிலும் ஏற்பட்டதில்லை. சினிமாவில் கடைசி ரீல் ஓடுகிற மாதிரி இருந்தது.

தாவூத் பாய்க்கு வேறு கவலை. "சரிம்மா. இதுல ஆவாதுன்னு போட்டிருந்தா? உப்புக்கு நான் எங்க போறது? உப்பு எங்க இருக்குதுன்னு இதுல போட்டிருக்குமா?"

"போட்டிருக்காது. உண்மையான்னு இதைக் கேளுங்க. எங்க கெடைக்கும்னு வியாபாரப் பத்திரிகையக் கேளுங்க. மாத்திக் கேட்டாதான் கெட்டுப்போவோம்."

எங்களுக்கு வருகிற தோல் வியாபார வார இதழ்களைப் பிரித்தார். விலைப்பட்டியல், ஏலம், கப்பல் தேதி. உப்பு இல்லை. தோல்காரர்கள் உப்பு விற்பார்களா என்ன? எல்லாரும் வாங்குகிற ஆட்கள்.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "என் வூட்டுக்காரி குடியாத்தம். அவங்க அண்ணன் லுங்கிக்கு நூல் சாயம் போடறவரு. சாயம் ஏறணும்னா உப்பு போடுவாங்கம்மா. மூட்டை மூட்டையா கொட்டுவாங்க. நான் பார்த்திருக்கேன்."

அம்மா எழுந்துவிட்டார். "நெசவுப் பத்திரிகை. முனுசாமி, நமக்கு ஒண்ணு வருமே."

வரும். தமிழில், நாலு தாள், வாராவாரம். சங்கத்துக்கு யாரோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோல் நூலகத்தில் அதை யார் படிப்பது? நான் டீ கிளாஸ் வைக்க எடுத்துக்கொள்வேன். அதனால் அதைப் பைண்ட் செய்ததும் இல்லை, விளம்பரத்தைக் கிழித்ததும் இல்லை. அந்த வாரத்து இதழைக் கிளாசுக்கு அடியிலிருந்து உருவினேன். கடைசிப் பக்கம். நூல் தட்டுப்பாட்டால் குடியாத்தத்தில் ஒரு சாயப்பட்டறை வேலையை நிறுத்தியிருந்தது. பீப்பாய், காஸ்டிக், உப்பு விற்பனைக்கு. கீழே போன் நம்பர்.

தமிழில் இருந்ததால் நானே உரக்கப் படித்தேன். உப்பு என்ற சொல்லைப் படிக்கும்போது குரல் தானாக ஏறிவிட்டது.

அம்மா பக்கத்து ஆபீஸ் அறைக்குப் போய் அவசர அழைப்பு போட்டார். போகும்போது திரும்பி, "சேகர் சார், நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவரு. அந்த மூணு எடத்தையும் பாய்க்குப் படிச்சுச் சொல்லுங்க," என்றார்.

விற்கிற ஆளிடமே கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன். தாவூத் பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவர் எதைச் சொன்னாலும் அதுதான் கணக்கு.

சேகர் முதல் இடத்தைப் படித்தார். அவர்கள் பவுடரில் இருக்கிற அதே சரக்கு. நன்றாக வேலை செய்கிறது. அவர் குரலில் தெம்பு வந்தது.

இரண்டாவது இடம், வெயில் தேசத்து ஆள் ஒருவர் எழுதிய கடிதம். அதற்குக் கீழே ஒரு கட்டம் போட்ட பட்டியல். சேகர் அதைப் பார்த்தார். படிக்கவில்லை. விரலை ஒரு வரியில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னா தம்பி போட்டிருக்குது?" என்றார் தாவூத் பாய்.

பக்கத்து அறையில் அம்மா போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் லைன் தரவில்லை.

சேகர் மூன்றாவது இடத்தைப் புரட்டினார். முதலில் எழுதியவரே பதில் எழுதியிருந்தார். அதை மனசுக்குள் படித்து முடித்தார். இதழை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பாய், இதை வேண்டாம்."

"எதை?"

"பவுடரை. அவங்க செஞ்சு பார்த்தது குளிர் தேசத்துல. அங்க நிக்குது. நம்ம ஊர் சூட்டுக்கு வந்தா மயிர் விட்டுடுதாம். முதல்ல எழுதினவரே ஆமான்னு ஒத்துக்கிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "எங்க புஸ்தகத்துல முதல் பாதி மட்டும் போட்டிருக்காங்க. எனக்குத் தெரியாது பாய். சத்தியமாத் தெரியாது," என்றார்.

தாவூத் பாய் சேகரின் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதே ஆள்தான். காலையில் சிவப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தபோது அதைப் படித்தார். சணல் கட்டைக் கொடுத்தபோது இதைப் படித்தார். இரண்டு முறையும் நேர்மையாகத்தான் படித்தார். எதைக் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் நம் வேலை.

லைன் கிடைத்துவிட்டது. அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "தோல் சங்கத்துல இருந்து பேசறேங்க. ஆமா, தோல்தான். உங்க விளம்பரம் பார்த்தோம். இல்லங்க, பீப்பாய் வேணாம். உப்பு. இருக்கற அத்தனையும்." பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இருக்குது பாய். வேலைதான் இல்ல, உப்பு மலையாட்டம் கெடக்குதுங்கிறாரு. கூடவே லுங்கியும் கெடக்குதாம். வாங்கிக்குவீங்களான்னு கேக்கறாரு."

"வாங்கிக்கறேன்னு சொல்லுங்க. புது லுங்கி கட்டிக்கினே உப்பு போடறோம்."

கன்னியப்பன் ஏற்கெனவே படியில் பாதி இறங்கிவிட்டார். நின்று, "மொதலாளி, எடுத்துனு வர வண்டி?" என்றார். பண்டிகை. டெம்போக்காரர்கள் ஒருவரும் இல்லை.

சேகர் டையைக் கழற்றிப் பையில் வைத்தார். "டிரம்மை இறக்கிடலாம். வேன் இருக்குல்ல."

நாலு பேரும் சேர்ந்து டிரம்களை உருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தோம். புறப்படும்போது தாவூத் பாய் ஒரு டப்பாவில் கொஞ்சம் பவுடர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இருபது தோல்ல போட்டுப் பாக்கறேன் தம்பி. அந்தச் சண்டைல நானும் ஒரு வார்த்தை சொல்றேன்."

வேன் பாதி உப்பை ஏற்றியது. மீதியைச் சாயப்பட்டறைக்காரர் தன் டிராக்டரில் அனுப்பினார். அஸர் பாங்கு சொல்வதற்கு முன்னால் உப்பு பேரணாம்பட்டில் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அப்போதுதான் காலைச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அதற்கப்புறம் கமிட்டியில் ஒரு பெரிய வாக்குவாதம். அட்டையைக் கிழிக்கக் கூடாது, விளம்பரத்தை உருவக் கூடாது, தோலின் நிறத்தை வைத்து ரகம் தெரிய வேண்டும் என்றார் அம்மா. ஆராய்ச்சிக்குக் கறுப்பு. வியாபாரத்துக்குப் பழுப்பு. கம்பெனிப் பத்திரிகைக்குத் தோலே கிடையாது, வெறும் அட்டை, மேலே கம்பெனி பேர். "சொரசொர காகிதத்துக்கு நல்ல தோலா?" என்று ஒருவர் எழுந்து போயே போய்விட்டார். தாவூத் பாய் கமிட்டியில் இல்லை. ஆனால் கறுப்புத் தோல் முழுக்க அவர் கொடுத்தார்.

இப்போது உங்களுக்கு எல்லாம் திரையில் வருகிறது. அட்டையும் இல்லை, தோலும் இல்லை. எல்லாமே வழவழவென்று ஒரே மாதிரி இருக்கிறது. அதனால் இன்னும் ஜாஸ்தி கவனம் வேண்டும். யார் காசில் வந்தது என்று பாருங்கள். மறுத்துப் பேச அதில் இடம் உண்டா என்று பாருங்கள். எதையும் மட்டம் என்று தூக்கி எறியாதீர்கள். உப்பு கிடைத்தது டீ கிளாசுக்கு அடியில் இருந்த நாலு தாளில். எதிரில் நிற்கிறவர் அவசரப்படுவார். அவர் அவசரம் நியாயமானது. நீங்கள் அதைத் தொற்றிக்கொள்ளக் கூடாது.

அடுத்த வாரம் கன்னியப்பன் பஸ்ஸில் வந்தார். புது லுங்கி. உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றுகொண்டார். சேகரும் அன்று டிரம்களை எடுத்துப்போக வந்திருந்தார். அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"கெட்டது எவ்ளோ, மேஸ்திரி?"

பவுடரில் போட்டது இருபது. மயிர் விட்டது பதினேழு.

உப்பில் போட்டது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. கெட்டது நான்கு.